பூட்டு இருந்த இடம்

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி, "ஐயா, மோட்டார் ஓடவில்லை" என்று தொடங்கும். மீதிப் பாதி, "ஐயா, மோட்டார் நிற்கவில்லை". வணக்கம் இருக்காது, ஊர்ப் பெயர் இருக்காது, எந்தக் கம்ப்யூட்டரில் எதைப் போட்டார்கள் என்ற விவரம் மருந்துக்கும் இருக்காது. நன்றி என்று தொடங்கிய கடிதம் இதுவரை ஒன்றே ஒன்று வந்திருக்கிறது. அதுவும் கடைசியில் மோட்டார் ஓடவில்லை என்றுதான் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். மகாராஜபுரத்தில் சமுத்திரம் அண்ணாச்சி கிணற்றுக்குள் இறங்கிய காலையில், மெயின் பெட்டியின் பியூஸ் கட்டைகள் எங்கே இருந்தன? ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் உங்களுக்குத் தப்பாகப் படும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

பத்திரிகைச் செய்தியும் ஒரு காரணம். 'மடை மென்பொருளை உருவாக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் வாலிபர் ஜெபினிடம் விசாரணை' என்று போட்டிருக்கிறார்கள். மடையை உருவாக்கியது ஜெபின் அல்ல. நான். அருளப்பன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மில் வேலை போக மிச்ச நேரமெல்லாம் மடைக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மடை இலவசம். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம், அதன்மேல் மடை. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு இணைத்துவிட்டால், மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போடும். தண்ணீர் குறைந்தால் தானே நிறுத்தும். தோட்டத்துக்கு மூன்று பேஸ் எந்த நேரத்தில் வரும், எப்போது போகும் என்பது இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓட வேண்டாம் என்பதுதான் மடையின் உபயோகம்.

அதில் முக்கியமான பகுதி பூட்டு. கிணற்றுக்குள் ஆள் இறங்கும்போது மடைப் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். திரும்ப அழுத்தி எடுக்கும்வரை எந்தக் கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடாது. இதற்கு முன்னால் நம் பக்கத்துப் பழக்கம் வேறு. இறங்குகிறவன் மெயினிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்குவான். கட்டை அவன் மடியில் இருக்கிறவரை ஆண்டவனே வந்தாலும் மோட்டாரைப் போட முடியாது. நல்ல பழக்கம்தான், ஆனால் மனிதன் மறப்பான். பொத்தான் மறக்காது. மடை வந்த பிறகு நிறையப் பேர் கட்டை பிடுங்குவதை விட்டுவிட்டார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

பூட்டு போட்டிருக்கிறது என்ற செய்தியை மடை எங்காவது குறித்துவைக்க வேண்டுமல்லவா? நான் அதைப் போர்டின் மெமரி கார்டில், கரண்ட் போனாலும் அழியாத இடத்தில் வைத்தேன். காரணம் இருக்கிறது. தோட்டத்து லைனில் மற்ற நேரத்திலும் அரைகுறைக் கரண்ட் இருக்கும். விளக்கு எரியும், போர்டு ஓடும், மோட்டாருக்குப் போதாது. மூன்று பேஸ் கொடுக்கும்போது ஒரு தடவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் போடுவார்கள். கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் அதற்குள் போர்டும் அணைந்து மறுபடி எழுந்துவிடும். மோட்டார் ஓட முடிகிற நேரமும், போர்டு தூங்கி விழிக்கிற நேரமும் ஒன்று. விழித்ததும் அதற்கு முதலில் ஞாபகம் வர வேண்டியது, உள்ளே ஆள் இருக்கிறான் என்பது. அழியும் இடத்தில் குறித்துவைத்திருந்தால் ஞாபகம் வராது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லினக்ஸ் என்று ஒன்றே ஒன்று இல்லை, மேடம். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. டிஸ்ட்ரோ என்பார்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு கூட்டம், ஒரு சட்டதிட்டம், ஒரு கோப்பை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்ற ஆச்சாரம். நான் எழுதினதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அவர்களில் ஒருவர் எடுத்து, தங்கள் ஆச்சாரத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டி, பொட்டலமாகக் கட்டித் தங்கள் கிடங்கில் வைப்பார். அதுதான் பேக்கேஜ். மக்கள் கிடங்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். என் கைக்கும் விவசாயியின் போர்டுக்கும் நடுவில் முகம் தெரியாத ஒரு கை புகுந்து வெளியே வரும்.

அந்தக் கைகள் செய்ததையெல்லாம் எழுதினால் உங்கள் காகிதம் போதாது. ஒரு டிஸ்ட்ரோவில் மடை என்ற பெயரில் ஏற்கெனவே ஏதோ ஒரு விளையாட்டு இருந்ததாம், என்னுடையதை மடை-இரண்டு ஆக்கிவிட்டார்கள். எழுதியவனுடையது இரண்டு. இன்னொன்றில் நான் எப்போதோ திருத்திவிட்ட பழைய பதிப்பைப் பல வருடங்களாக வைத்துக்கொண்டு, அதன் பிழைகளுக்கு என்னைத் திட்ட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மற்றொன்றில் சிவப்பு விளக்கை எரியவைக்கிற பகுதியின் உரிமம் தங்கள் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று விளக்கையே எடுத்துவிட்டார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்று சொல்வோம். இவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய், கொம்பை அறுத்து, வாலை இடம் மாற்றி ஒட்டிவிட்டு, பால் கறக்கவில்லை என்று கொடுத்தவன் வாசலில் வந்து கத்துவார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாக விளக்கி எழுதினேன். யாரும் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டு, அடுத்த வாரம் அதே கேள்வியை வேறொருவர் கேட்டார். பிறகு எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பத் தொடங்கினேன். 'அது என்னுடைய பேக்கேஜ் அல்ல.' அதை எழுதும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு எரிச்சல் எழுந்து அடங்கும். கோபம் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வராது.

ஜெபின் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன்தான், ஆனால் முகம் தெரிந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். இருப்பதிலேயே பெரிய டிஸ்ட்ரோவில் மடைக்குப் பேக்கேஜ் கட்டுகிறவன் அவன். சம்பளமில்லாத வேலை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கட்டிய பிறகு ஒரே கட்டளையில் மடை எந்தப் போர்டிலும் வந்து உட்கார்ந்தது. அதனால் மடை பரவியது. கூடவே மடை என்றால் ஜெபின் என்றும் ஆனது. சுந்தரபாண்டியத்தில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. அவனை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த சமுத்திரம் அண்ணாச்சிதான் என் தொடையைத் தட்டி, "எங்க கேணில மொதமொதல்ல மாட்டுனது நீதான தம்பி, அது எனக்குத் தெரியும்லா" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மடை ஓடிய முதல் கிணறு அவருடையது. பிளவக்கல் அணைத் தண்ணீர் போதாத வருடங்களில் தென்னையை அந்தக் கிணறுதான் காப்பாற்றியது. ஒவ்வொரு முறை நான் புதுப் பதிப்பு வெளியிட்டபோதும் முதலில் அவர் கிணற்றில்தான் ஓட்டிப் பார்ப்பேன். எது பழுதானாலும் திட்டாமல் போன் செய்கிற ஒரே ஆள் அவர். "தம்பி, உம்ம பிள்ளைக்கு மேலு சொகமில்ல போலிருக்கு, வந்து பாரும்" என்பார். அவர் மனைவி அனுசியா மதினி இளநீர் வெட்டித் தருவார். நல்ல மனிதர்கள்.

ஒருநாள் ஜெபினின் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தபோது, பூட்டை அவன் இடம் மாற்றியிருந்தது தெரிந்தது. கார்டிலிருந்து எடுத்து, போர்டு அணைந்தால் துடைத்தழிக்கப்படும் தற்காலிக இடத்தில் வைத்திருந்தான். நான் உடனே அவர்களுடைய பிழைப் பட்டியலில் எழுதினேன். 'தவறு. பழையபடி மாற்றவும்.' அவ்வளவுதான் எழுதினேன்.

அந்த வாரமே ஜெபின் ராஜபாளையத்துக்கு வந்தான். வழக்கம்போல் பால்கோவா வாங்கிவந்தான். எனக்கு இனிப்பு ஆகாது என்று பலமுறை சொல்லியும் வாங்கிவருவான்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீய. ரூல்ஸ் அப்படி. இப்ப இருந்து பொறவு இல்லாமப் போற சமாச்சாரமெல்லாம் தற்காலிக எடத்துலதான் இருக்கணும். எங்க வீட்டு போர்டுல மாசக்கணக்கா ஓட்டிப் பாத்துட்டேன், ஒரு கொறையும் இல்ல."

அவன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனாலும் அவன் போர்டுக்குத் தெரியாது. இதை நான் நினைத்தேன், சொல்லவில்லை.

"தப்புன்னு எழுதியிருக்கேன்லா" என்றேன்.

"தப்புன்னு மட்டுந்தான எழுதியிருக்கீய. ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதுங்க, நான் அவியகிட்டப் பேசி விதிவிலக்கு வாங்கிருதேன்."

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என் மனைவி இவாஞ்சலின் டீ கிளாஸை எடுத்துக்கொண்டே கேட்டாள். "செத்த நேரம் உக்காந்து அந்த ஒரு வரிய எழுதினா என்ன கொறைஞ்சா போவீய?" குறைந்துபோக மாட்டேன்தான். ஆனால் எத்தனை பேருக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். காரணம் நிரலிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் படிக்கட்டும். என் வீட்டு அடுப்பை இடம் மாற்றி வைத்துவிட்டு, அது ஏன் பழைய இடத்தில் இருந்தது என்று என்னிடமே விளக்கம் கேட்டால் யாருக்குத்தான் எழுத மனம் வரும்? அவன் இரண்டு முறை நினைவூட்டினான். நான் பார்த்தேன், பதில் போடவில்லை.

பிறகு அந்த டிஸ்ட்ரோ உறைந்தது. அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பதிப்பை வெளியிடும் முன்னால் இனி யாரும் எதையும் தொடக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுவார்கள். பூட்டு தப்பான இடத்திலேயே இருக்க, அந்தப் பதிப்பு வெளியானது. கோவில்பட்டி முதல் தேனி வரை எத்தனை தோட்டத்துப் போர்டுகளில் ஏறியதோ, எனக்குத் தெரியாது.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. என் வீட்டு மேசையில் போர்டை வைத்து, பூட்டு போட்டு, கரண்டை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். பூட்டு போய்விட்டது. ஜெபினுக்கு எழுதினேன், 'மறுபடி எழும்போது பூட்டு இல்லை.' அவன் பதறிப்போய் மேலே கேட்டான். மேலே உள்ளவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள். கரண்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடுமே, பிறகென்ன ஆபத்து, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். கரண்ட் போவதல்ல ஆபத்து, வருவதுதான் ஆபத்து என்று அவர்களுக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஜெபின் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெளியான பதிப்புல கை வைக்கணும்னா பிழை கடுமையானதுன்னு காட்டணுமாம் அண்ணே. மேசையில செஞ்சு பாத்ததுன்னா ஏத்துக்கிட மாட்டேங்காவ. நெசமா ஒரு தோட்டத்துல, நெசமான ஆளுக்கு நடந்துச்சுன்னு வந்தா அன்னைக்கே மாத்திருவாவ."

நிஜமான ஆள். இந்த வார்த்தையை அவன்தான் சொன்னான், நான் சொல்லவில்லை.

அதன்பிறகு சில வாரங்கள் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மில்லில் மேனேஜர் ராஜூ, "ஏமி அருளப்பா, முகம் ஏன் இப்படித் தொங்குது" என்று கேட்டார். என்னவென்று சொல்ல? நான் பெற்றது, என் கையை விட்டுப் போய், ஊரெல்லாம் கொலைகாரப் பெட்டியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. எழுதியவன் சொன்னால் கேட்க மாட்டார்கள். யாரோ ஒருவன் செத்தால் கேட்பார்கள். என்றைக்கு, எந்த ஊரில், எவன் என்றுதான் தெரியாது. ஒருவனோடு முடியுமா, ஒன்பது பேர் ஆகுமா? இப்படி ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடும்போது, மனிதன் நியாயமாக யோசிக்க ஆரம்பிக்கிறான். நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

சமுத்திரம் அண்ணாச்சியின் போர்டில் கார்டு கெட்டுப்போனது அந்தச் சமயத்தில்தான். புதுக் கார்டு கொண்டுபோனேன். எப்போதும் அவருக்கு என் கையால் கட்டின மடையைத்தான் போடுவேன். அன்று ஜெபினுடைய பேக்கேஜைப் போட்டேன். ஊரெல்லாம் அதைத்தானே போட்டிருக்கிறார்கள், அவர் மட்டும் என்ன தனி? பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்குச் சொகமாயிட்டா?" என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன்.

கொஞ்ச நாளில் அவரே போன் செய்தார். "தம்பி, தண்ணிக்குள்ள கேபிள் ஜாயின்ட் விட்டுப்போச்சு போல. மோட்டார் ஓடி ஓடி நிக்கி. ஞாயித்துக்கெழம எறங்கிப் பாக்கப் போறேன், நீரு செத்த வந்து மேல நில்லும்." கிணற்றுக்குள் இறங்கும்போது மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதில் அவர் கறார். சர்ச்சில் பூசை முடிந்து வருகிறேன் என்று சொன்னேன். பூசையும் கண்டேன்.

நான் போனபோது அவர் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அந்த வாரம் மூன்று பேஸ் முற்பகலில் வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஏறிவிடலாம் என்பது அவர் எண்ணம். தண்ணீர் சில்லென்று இருக்கும், கொஞ்சம் வெயில் ஏறட்டுமே என்றேன். டீ கேட்டேன். தென்னை எப்படி என்று கேட்டேன். வெள்ளை ஈ பற்றி அவர் நிறையச் சொன்னார். பேசப் பேச நேரம் போனது. எனக்கு அவரோடு பேசிக்கொண்டிருப்பது எப்போதும் பிடிக்கும்.

இறங்கும் முன்னால் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு, மடை வந்த நாளிலிருந்து விட்டிருந்த பழக்கம் ஏனோ அன்று திரும்ப வந்தது போல, மெயினைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். அனுசியா மதினி அப்போது அங்கேதான் நின்றார். அவர் உங்களிடம் சொன்னது உண்மை, கட்டைகள் பிடுங்கப்பட்டன.

"பூட்டுதான் போட்டாச்சே அண்ணாச்சி" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. உம்ம மேல நம்பிக்கை இல்லாம இல்ல. கை தானா போவுது." சிரித்துக்கொண்டே கட்டைகளை என்னிடம் நீட்டினார். "துண்டோட எறங்குதேன், ஈரத்துல எங்கன முடிஞ்சுக்கிட? நீரே வச்சிரும்."

அவர் இறங்கினார். மதினி இட்லி எடுத்துவரப் போனார்.

கட்டைகள் என் கையில் இருந்தன. பீங்கான் கட்டைகள், கொஞ்சம் கனம். அவற்றை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கட்டை வெளியே இருந்தால் மூன்று பேஸ் வந்தாலும் ஒன்றும் நடக்காது. போர்டுக்குத் தனி வயர், அது மட்டும் அணைந்து எழும். பூட்டு அழியும், மோட்டார் ஓடாது, அண்ணாச்சி ஏறி வந்து இட்லி சாப்பிடுவார். எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். மேலே உள்ளவர்கள், பார்த்தீர்களா, தோட்டத்திலும் ஆபத்தில்லை என்பார்கள். கட்டையைப் பிடுங்கிவைத்துக்கொண்டு செய்கிற சோதனை சோதனையே அல்ல. மில்லில் ஒரு சின்ன மாற்றத்தைக்கூட நான் அப்படிச் சோதித்ததில்லை.

மாட்டினேன். மூன்றையும். கிணற்றுக்குள்ளிருந்து, "தம்பி, டேப் நல்லாத்தான் இருக்கு, உள்ள வயருதான் கறுத்திருக்கு, பிரிச்சிருதேன்" என்று குரல் வந்தது. சரி அண்ணாச்சி என்றேன்.

என் நோக்கத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் போட்ட சத்தம் கேட்டதுமே ஸ்டார்ட்டரில் அணைத்துவிடுவது என்றுதான் இருந்தேன். ஸ்டார்ட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. லேசாக ஒரு அதிர்ச்சி, ஒரு கூச்சல், அவ்வளவு போதும், கடுமையான பிழை என்று எழுதிவிடலாம். ஒரு நிமிடம் பயந்துபோவார். பின்னால் சொன்னால் புரிந்துகொள்வார். மடைக்காக அவர் அதையும் செய்வார் என்று நம்பினேன்.

கரண்ட் கண் சிமிட்டியது. விளக்கு அணைந்தது, போர்டு எழுந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்டார்ட்டர் டக்கென்று விழுந்தது, மோட்டார் உறுமியது. நான் சொன்னபடியே, ஒரு புள்ளி மாறாமல் நடந்தது. எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

விளக்கு எரியாததும் மோட்டார் ஓடுவதும் ஒரே படத்தில் வர வேண்டும். தனித்தனியாக எடுத்தால் நம்ப மாட்டார்கள். முதல் படம் ஆடிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. பிறகு அணைத்தேன்.

கிணற்றை உடனே எட்டிப் பார்க்கவில்லை. குரல் எதுவும் வரவில்லை, அதிலிருந்தே தெரிந்துவிட்டது. ஜெபின் கேட்ட அந்த ஒரு வரி பாக்கி இருந்தது. மெயின் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து, போனிலேயே அவர்கள் பிழைப் பட்டியலைத் திறந்து, படத்தைச் சேர்த்து எழுதினேன். 'மூன்று பேஸ் வரும்போது போர்டு அணைந்து எழும், அப்போது உள்ளே ஆள் இருக்கலாம்.' எழுதி முடித்தபோது, இவ்வளவு சின்ன வரியா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தூக்குச் சட்டியோடு மதினி வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டார்கள், மேடம். கடுமையான பிழை என்று குறித்து, வெளியான பதிப்பிலேயே கை வைத்து, உலகம் முழுவதும் அனுப்பிவிட்டார்கள். பூட்டு அதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. இனி எந்தக் கிணற்றிலும் ஒருவனும் இப்படிச் சாக மாட்டான். எழுத வந்த இத்தனை வருடத்தில் நான் சொன்னதை அவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஜெபின் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்திருந்தான். மதினியின் காலில் விழுந்து, தன்னால்தான் என்று அழுதான். இனிப் பேக்கேஜ் கட்டுவதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டானாம். பார்க்கப் பாவமாக இருந்தது. அவனை விட்டுவிடுங்கள். அவன் ரூல்ஸ்படி நடந்தவன், காரணம் கேட்டவன், கேட்டும் கிடைக்காதவன். அவன் மேல் எனக்கு இப்போது எந்த வருத்தமும் இல்லை.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். பியூஸ் கட்டைகள் முதலில் சமுத்திரம் அண்ணாச்சி கையில் இருந்தன, பிறகு என் கையில் இருந்தன, கரண்ட் வந்தபோது மெயினில் இருந்தன. மாட்டியது நான். அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்து மாட்டினேன். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் அனுப்பிவிடுங்கள். மடையை எழுதியது அருளப்பன். அண்ணாச்சியைக் கொன்றது ஜெபின் கட்டிய பேக்கேஜ், அது என்னுடையது அல்ல.